கொட்டகை எலி, வாசல் பாம்பு: ரவைத் தோட்டாவை வாங்குவதா, நாமே அடைப்பதா, துப்பாக்கியே வேண்டாமா?

இங்கே டெக்சஸில் மார்ச் கடைசியில் வெயில் உறைக்க ஆரம்பித்ததும் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி பாம்பைப் பற்றித்தான் இருக்கும். சான் ஆன்டோனியோவுக்கு வடமேற்கே சுண்ணாம்புப் பாறை மேட்டில் எட்டு வருஷமாக மூன்று ஏக்கரில் கோழி வளர்க்கிறேன் என்பதால், புதிதாக நிலம் வாங்குகிற நம்ம ஆட்கள் எதற்கும் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். போன மாதம் கூப்பிட்ட தம்பி நேராக விஷயத்துக்கு வந்தார்: "அண்ணே, என்கிட்ட ஒரு .357 ரிவால்வர் சும்மா கிடக்கு. கொட்டகையில எலி, படிக்கட்டுக்குக் கீழ பாம்பு. அதுல போடுற ரவைத் தோட்டா வாங்கலாமா, இல்ல மெஷின் வாங்கி நானே அடைச்சுக்கலாமா?"

அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. அவரிடம் சொன்னதையும், சொல்ல விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது துப்பாக்கி வைத்துக்கொள்வது சட்டப்படி சரியாக இருக்கிற, கூப்பிடு தூரத்தில் வீடு இல்லாத அமெரிக்கக் கிராமப்புறத்துக்கான பேச்சு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா அடைப்பதே குற்றம், பாம்புகளுக்கு 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பும் இருக்கிறது. இங்கேயும் எல்லா இடமும் ஒன்றில்லை. டெக்சஸில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கிற நகர எல்லைக்குள் அஜாக்கிரதையாகச் சுட்டால் வழக்கு வரும். சில மாநிலங்களில் சில பாம்புகளைத் தொடவே கூடாது. உங்கள் மாவட்டத்து விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மேலே படியுங்கள்.

ரவைத் தோட்டா என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: சாதாரணத் தோட்டாவில் ஒற்றைக் குண்டு இருக்கும் இடத்தில், இதில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி இருக்கும், குப்பிக்குள் பொடி ஈய உருண்டைகள். சுட்டதும் குப்பி உடைந்து உருண்டைகள் சிதறிப் போகும். சின்ன ரவையைப் பார்த்தால் நிஜமாகவே உப்புமா ரவை மாதிரிதான் இருக்கும். எண் பெரிதாகப் பெரிதாக உருண்டை சிறுக்கும். 17-இல் இருந்து எண்ணைக் கழித்தால் விட்டம் ஓர் அங்குலத்தின் நூறில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். 12-ஆம் எண் என்றால் நூறில் ஐந்து, அதாவது 1.27 மில்லிமீட்டர். 9-ஆம் எண் நூறில் எட்டு, 2 மில்லிமீட்டர். வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும், ஆனால் எடையில் ஒரு 9-ஆம் எண் உருண்டை ஒரு 12-ஆம் எண் உருண்டையைப் போல நான்கு மடங்கு. பாம்பின் தோலுக்குள்ளே போகுமா, மேலோடு நிற்குமா என்பதை இதுதான் முடிவு பண்ணும்.

கடையில் கிடைப்பதில் ஐடஹோ மாநிலம் லூயிஸ்டனில் இருக்கிற சிசிஐ நிறுவனத்தின் தோட்டாதான் எல்லோரும் வாங்குவது. .22, .38, .357, .44 என்பதெல்லாம் தோட்டாவின் பருமனைச் சொல்கிற எண்கள். அவர்களுடைய .22-இல் 12-ஆம் எண் ரவை சுமார் 2 கிராம், எண்ணிப் பார்த்தால் நூற்று அறுபது எழுபது உருண்டை வரும். .38 ஸ்பெஷல், .357 இரண்டுக்கும் பொதுவான தோட்டாவில் 9-ஆம் எண் ரவை 6.5 கிராம், நூற்று முப்பதுக்கு மேல் உருண்டை. .44-இல் 9 கிராம். வேகம் எல்லாவற்றிலும் நொடிக்கு 300 மீட்டரை ஒட்டித்தான். நான் கடைசியாக வாங்கியபோது .38 தோட்டா ஒன்று இரண்டு டாலரை ஒட்டி வந்தது, பத்து கொண்ட பெட்டி. விலையைப் பார்த்ததும்தான் எல்லோருக்கும் நாமே அடைத்தால் என்ன என்ற எண்ணம் வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

அதற்கு முன்னால் இந்தத் தோட்டா என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. நான் பீட்சா அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, மண் மேட்டுக்கு முன்னால் நிறுத்தி .38-ஐச் சுட்டுப் பார்த்தேன். ஒன்றரை மீட்டரில் உள்ளங்கை அகலத்துக்குப் பொத்தல், எலி அந்த இடத்தில் இருந்தால் தப்பாது. மூன்று மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அளவு, இன்னும் பரவாயில்லை. நாலரை மீட்டரில் முறம் அளவுக்கு விரிந்துவிட்டது, அதுவும் நடுவில் வடை ஓட்டை மாதிரி ஒரு வெற்றிடம். ஒரு பாம்பின் தலை அந்த ஓட்டைக்குள் நிம்மதியாக இருந்திருக்கும். ரிவால்வர் குழலுக்குள் வெட்டியிருக்கிற சுழல்வரிதான் காரணம். ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேராகப் போக வைக்கிற அதே சுழற்சி, நூற்று முப்பது உருண்டைகளைக் கையில் சுழற்றி விசிறின மாதிரி வெளிப்பக்கமாக வீசிவிடுகிறது. வெடிமருந்தைக் கூட்டி வேகத்தை ஏற்றினால் இது இன்னும் மோசமாகும். ஆக, யார் அடைத்த தோட்டாவாக இருந்தாலும் சரி, ரிவால்வரில் இது மூன்று மீட்டர் வேலைதான்.

சுழல்வரியே இல்லாத வழுவழுக் குழலாக இருந்தால் ரவைக் கூட்டம் கலையாமல் போகுமே என்று கேட்பீர்கள். போகும். ஆனால் 1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம், ஷாட்கன் (ரவை சுடுவதற்கென்றே உள்ள நீள் துப்பாக்கி) தோட்டாவைச் சுடுகிற, சுழல்வரியில்லாத கைத்துப்பாக்கியைத் தனி வகையாக்கிப் பதிவுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் நிறுவனம் .410 என்கிற சின்ன ஷாட்கன் தோட்டாவுக்குப் போட்ட கைத்துப்பாக்கி அந்த வருஷத்தோடு நின்றுபோனது அதனால்தான். இன்று .410 தோட்டாவைப் போடுகிற டாரஸ் ஜட்ஜ் ரிவால்வரில் சுழல்வரி இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். நீள் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, நாமே அடைக்கிற கதைக்கு வருகிறேன்.

ஏற்கெனவே ரீலோடிங், அதாவது சுட்ட கூட்டிலேயே மறுபடி தோட்டா அடைப்பது, செய்கிறவருக்குக் கணக்கு கவர்ச்சியாக இருக்கும். பித்தளைக் கூடு கையில் இருக்கிறது, ஈய ரவை 25 பவுண்டு மூட்டையாக, அதாவது 11.3 கிலோவாக வரும். தோட்டாவுக்கு 6.5 கிராம் என்றால் ஒரு மூட்டையில் ஆயிரத்து எழுநூறு தோட்டா. ஸ்பியர் நிறுவனம் .38-க்கும் .44-க்கும் இதற்கென்றே காலிக் குப்பிகளை விற்று வந்திருக்கிறது, ரவையை நிரப்பி அடியில் அடைப்பை அழுத்த வேண்டியதுதான். மருந்தைப் பற்றவைக்கிற பிரைமரையும் மருந்தையும் சேர்த்தாலும் கடை விலையில் சின்னப் பங்குதான் ஆகும். ஆனால் என்னையே கேட்டுக்கொண்டேன்: வருஷத்துக்கு எத்தனை சுடுகிறேன்? நல்ல வருஷத்தில் ஆறு. அட்டையில் சோதித்துப் பார்க்கப் பத்து. ஆயிரத்து எழுநூறு என் பேரன் காலம் வரைக்கும் வரும். பிரஸ் (அழுத்தும் கருவி), டை (அச்சு), தராசு எல்லாம் புதிதாக வாங்கி இதற்காக மட்டும் உட்காருகிறவருக்குப் போட்ட பணம் திரும்பி வரவே வராது. தம்பியிடம் இதைத்தான் முதலில் சொன்னேன், கொஞ்சம் முகம் வாடியிருப்பார் போல, ஒரு நிமிஷம் பேச்சில்லை.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். குண்டு அடைக்கத் தெரிந்தவனுக்கு ரவை அடைக்கவும் தெரியும் என்பது தப்பு எண்ணம், அதில் நானே விழுந்தேன். முதல் தடவை அடைத்தபோது கூட்டின் வாயைக் குப்பி மேல் நன்றாக அழுத்தி மடித்தேன், மறுநாள் பார்த்தால் மூன்று குப்பியில் மயிரிழை விரிசல், டப்பாவின் அடியில் ரவை சிந்திக் கிடந்தது. அடுத்த தடவை பயந்து லேசாக மடித்தேன். எடை குறைந்த சின்ன ரிவால்வரில் ஐந்தைப் போட்டு மூன்று சுட்டதும் சிலிண்டர் (தோட்டா அறைகள் இருக்கிற சுழல் உருளை) நின்றுவிட்டது, நகரவே மாட்டேன் என்கிறது. பின்னுதைப்பில் நான்காவது தோட்டாவின் குப்பி கூட்டை விட்டு முன்னால் ஊர்ந்து, சிலிண்டர் வாயைத் தாண்டி நீட்டிக்கொண்டு, சட்டத்தில் இடித்து நின்றிருந்தது. உள்ளே இன்னும் வெடிக்காத இரண்டு தோட்டா. துப்பாக்கியை மண் மேட்டைப் பார்க்கப் பிடித்தபடி ஒரு மரக் குச்சியால் அந்தக் குப்பியை மெதுவாக உள்ளே தள்ளிச் சிலிண்டரைத் திறக்க எனக்கு ஆன பத்து நிமிஷத்தை இன்றைக்கும் நினைத்தால் கை வியர்க்கிறது. எதிரே பாம்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

குப்பி இல்லாமல், அட்டை வில்லைகளுக்கு நடுவே ரவையைக் கொட்டி அடைக்கிற பழைய முறையும் உண்டு. மலிவுதான். ஆனால் வெறும் ஈயம் வரிகளில் உரசிக் குழல் முழுக்க ஈயம் ஒட்டும், சிதறலும் இன்னும் அதிகம். இன்னொன்று, இதை அழுத்தியே சொல்ல வேண்டும்: ரவை லேசானதுதானே, குண்டுக்குப் போடுகிற மருந்தையே போட்டால் என்ன என்று கையளவில் முடிவு பண்ணக் கூடாது. ரவைக்கென்று மருந்து நிறுவனமோ கையேடோ அச்சிட்ட அளவு இருந்தால் அந்த மருந்து, அந்தக் குப்பி, அந்த எடை, அவ்வளவுதான். அச்சிட்ட அளவு கிடைக்கவில்லை என்றால் அடைக்காதீர்கள். நான் இங்கே அளவு எதுவும் எழுதாததும் அதனால்தான்.

அப்படியானால் யாருக்குத்தான் கையால் அடைப்பது சரி? ரீலோடிங் மேசை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற, கனமான .44 அல்லது .45 கோல்ட் ரிவால்வர் வைத்திருக்கிற, கடையில் கிடைக்காத ரவை எண் வேண்டும் என்கிற ஆளுக்கு. பெரிய கூட்டில் ரவையும் அதிகம் பிடிக்கும், கனமான துப்பாக்கியில் குப்பி ஊர்வதும் குறைவு. அவர்களுக்கு அது ஒரு நல்ல குளிர்கால வேலை. ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது, பிரைமரிலும் ஈயச் சேர்மம் உண்டு, மேசை இருக்கிற அறைக்குள் சின்னப் பிள்ளைகள் வரக் கூடாது. இதையெல்லாம் சரியாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் செய்யட்டும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். .410 நீள் துப்பாக்கியில் இரண்டரை அங்குலத் தோட்டாவே அரை அவுன்ஸ், 14 கிராம் ரவை கொண்டுபோகும், .38-இன் இரண்டு மடங்குக்கு மேல். வழுவழுக் குழல் என்பதால் பத்து மீட்டரிலும் கூட்டம் கலையாது. பாம்புக்குத் துப்பாக்கிதான் என்று தீர்மானித்துவிட்டவருக்கு என்னைக் கேட்டால் இதுதான், ரிவால்வரே இல்லை. தள்ளி நிற்கலாம் என்பதே பெரிய விஷயம். ஹென்றி நிறுவனம் வரியில்லாத குழலோடு ஒரு .22 தோட்டத் துப்பாக்கி போடுகிறது, 12-ஆம் எண் ரவை அதில் போனால் ரிவால்வரில் போவதைவிட நன்றாக அடங்கி விழும், எலிக்குப் போதும். ஏர் கன் சத்தமில்லாதது, மலிவு, ஆனால் ஒற்றைக் குண்டு. அந்தி நேரத்தில் ஓடுகிற எலியை அதில் அடிக்கப் பொறுமையும் பழக்கமும் வேண்டும். விஷம் என் வீட்டில் கிடையாது. விஷம் தின்று தள்ளாடுகிற எலியைப் பூனையும் ஆந்தையும்தான் முதலில் பிடிக்கும்.

சத்தத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ரிவால்வர் வெடிப்பு 150 டெசிபலைத் தாண்டும், ஒரே ஒரு வெடிப்பில் காது நிரந்தரமாகக் கெடலாம் என்கிற 140 எல்லைக்கு மேல். தகரக் கொட்டகைக்குள் அது இன்னும் கூடும். பாம்பைப் பார்த்த பதற்றத்தில் யாரும் காது மூடியைத் தேடிப் போவதில்லை. கண்ணுக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடியும் அப்படித்தான். சிமெண்ட் தரையிலும் தகரத்திலும் பட்ட பொடி ரவை சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரும். ரவைதானே என்ற அலட்சியமும் வேண்டாம், ஓரடி தூரத்தில் இது மனிதரையும் கொல்லும்.

ஆனால் என்னை உண்மையிலேயே ரவைத் தோட்டாவிலிருந்து நகர்த்தியது சத்தமும் இல்லை, விலையும் இல்லை. மூன்றாவது வருஷம் கொட்டகைக்குள்ளேயே எலிக்கு .22 ரவை சுட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோடையில் ஒரு சிவப்புப் பெட்டைக் கோழி இறகைத் தொங்கப் போட்டு, பச்சையாகக் கழிந்து, நிற்க முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து நாலு நாளில் செத்துப்போனது. ஏதோ நோய் என்று நினைத்து மற்றதுக்குப் பரவுமோ என்ற பயத்தில் அறுத்துப் பார்த்தேன். மண்ணீரல், குடல் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கற்குடலைக் கீறி, தண்ணீரில் அலசி, வெள்ளைத் தட்டில் கொட்டினேன். சரளைக் கல்லுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பதினொரு உருண்டை, அரைபட்டு அரைபட்டுப் பளபளவென்று தேய்ந்துபோய். கோழி தீனியை அரைக்கப் பொடிக்கல் பொறுக்கும், அதற்கு ஈய ரவைக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த ஈயம் கரைந்து ரத்தத்துக்குப் போகும், முட்டைக்கும் போகும். அந்த முட்டையை என் மகள் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, அளவு பயப்படுகிறபடி இல்லை என்று தெரியும் வரை நானும் என் மனைவியும் பட்ட பாடு வேறு. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை 1991-இல் நாடு முழுக்கத் தடை செய்ததும் இதே காரணத்துக்காகத்தான், குளத்து அடியில் கிடக்கிற ரவையை வாத்துகள் பொறுக்கித் தின்று செத்தன. கலிஃபோர்னியா 2019 ஜூலையிலிருந்து எல்லா வேட்டைக்கும் ஈயத்தை நிறுத்திவிட்டது. கொட்டகைத் தரை என்பது நம்முடைய சின்னக் குளம் மாதிரிதான். ஒரு தடவை .38 சுட்டால் நூற்று முப்பது உருண்டையை அங்கே விதைக்கிறோம், பொறுக்கி எடுக்க வழியே இல்லை. மேல் மண்ணை நாலு விரல்கடை ஆழத்துக்கு வெட்டி அள்ளிப் போட எனக்கு இரண்டு வார இறுதி ஆனது.

அதனால் கோழி கிளறுகிற இடத்தில் ரவைத் தோட்டா கூடவே கூடாது, கடையில் வாங்கியதும் கூடாது, கையால் அடைத்ததும் கூடாது. அங்கே எலிக்குப் பொறிதான். மரப்பலகையில் ஸ்பிரிங் வைத்த பழைய எலிப்பொறியை, கோழிக் கால் நுழையாதபடி மூடின பெட்டிக்குள் வைத்து, சுவரோரமாக, எலி ஓடுகிற தடத்துக்குக் குறுக்கே வையுங்கள். முதல் மூன்று ராத்திரி விசையைப் போடாமல் வேர்க்கடலை வெண்ணெய் மட்டும் தடவி வைத்துவிட்டு, பழகின பிறகு நாலாம் நாள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விசை போட்டு வையுங்கள். ஆறு பொறியில் எனக்கு முதல் ராத்திரியே நாலு விழுந்தது. ஆறு மாதம் ரிவால்வரோடு உட்கார்ந்து அவ்வளவு அடித்ததில்லை. தீவனத்தை இரும்பு டிரம்முக்கு மாற்றியதும் மீதி எலியும் குறைந்தது.

பாம்புக்கு? முதலில் அது என்ன பாம்பு என்று பாருங்கள். கொட்டகைக்குள் இங்கே பெரும்பாலும் வருவது விஷமில்லாத எலிப்பாம்பு, நம்மூர்ச் சாரை மாதிரி நீளமாக, முட்டையையும் தின்னும், எலியையும் தின்னும். கோபம் வந்தால் அதுவும் வாலைச் சருகில் அடித்து, விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு (ராட்டில்ஸ்னேக்) மாதிரி சத்தம் போடும், அதை நம்பிச் சுட்டுவிடுகிறவர்கள் நிறைய. நிஜக் கிலுகிலுப்பைப் பாம்பு தன் உடம்பு நீளத்தில் பாதி தூரத்துக்குத்தான் பாயும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒன்றரை மீட்டர் பாம்புக்கு அது முக்கால் மீட்டர். ரவைத் தோட்டா நிச்சயமாக வேலை செய்ய நீங்கள் இரண்டு மூன்று மீட்டருக்குள் போயாக வேண்டும், அதாவது விலகிப் போக முடிகிற தூரத்திலிருந்து ஆபத்தை நோக்கி நடக்கிறீர்கள். அமெரிக்காவில் வருஷத்துக்கு ஏழாயிரம் எட்டாயிரம் பேரை விஷப்பாம்பு கடிக்கிறது, ஐந்து பேர் போல இறக்கிறார்கள். கடிபட்டவர்களில் கணிசமானவர்கள் அதை அடிக்கவோ பிடிக்கவோ போனவர்கள். செத்த பாம்பின் அறுந்த தலைகூட ஒரு மணி நேரம் கழித்துக் கடிக்கும். நான் நீளக் கொக்கியும் மூடி போட்ட உயரமான வாளியும் வைத்திருக்கிறேன், அதைக் கையாளத் தெரிந்தவரிடம் ஒரு நாள் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளாதவர்கள் பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அழைத்துக்கொண்டு, பாம்பு பிடிப்பவரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வரும் வரை தூரத்திலிருந்து அதன் மேல் ஒரு கண் வைத்திருந்தால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகு ரிவால்வரும் ரவையும் சரியாகப் பொருந்துகிற இடம் எனக்கு ஒன்று மிஞ்சியிருக்கிறது. வேலி பார்க்கப் பாறைச் சரிவில் நடக்கிறபோது. ஒரு கையில் முள்கம்பி, மறு கையில் குறடு, நீள் துப்பாக்கி தூக்க முடியாது, பின்வாங்க இடமில்லாத இடுக்கும் வரும். அப்போது இடுப்பில் கனமான .357, அதில் முதல் இரண்டு அறையில் கடையில் வாங்கிய 9-ஆம் எண் ரவை. இரண்டு டாலர் கொடுத்தாலும் குப்பி ஊர்ந்து சிலிண்டர் நிற்காது என்று நம்பி எடுத்துப் போகலாம், என் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்துவிட்டேன்.

தம்பி போன வாரம் மறுபடி கூப்பிட்டார். பொறி எட்டு வாங்கியிருக்கிறாராம், படிக்கட்டுக்குக் கீழே கிடந்த விறகுக் கட்டையை எல்லாம் அள்ளிவிட்டு இடுக்கை மூடியிருக்கிறாராம். "ரிவால்வருக்கு ஒரே ஒரு பெட்டி வாங்கி வச்சிருக்கேண்ணே, அட்டையில சுட்டுப் பாக்கணும், எத்தனை அடியில நிக்கட்டும்?" என்றார். ஐந்தில் ஆரம்பித்துப் பத்தோடு நிறுத்தச் சொன்னேன், காது மூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கோழி அந்தப் பக்கம் வராத இடமாகப் பார்த்து.